இருபதாவது தலை

பொங்கல் கழிந்து மில் திறந்த மூன்றாம் நாள் விருமாண்டியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசுக்குக் கூப்பிட்டால் நல்லதுக்கு இருக்காது என்பது முப்பது வருஷத்தில் அவன் கண்டது. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

லேபர் ஆபீசர் நாகசுப்பிரமணியன் நல்ல மனுஷன் என்று பேர் வாங்கியவர். அப்படிப் பேர் வாங்கியவர்களிடம் இன்னும் ரெண்டு அடி தள்ளி நிற்பது விருமாண்டியின் வழக்கம்.

"உட்காருங்க மேஸ்திரி."

உட்காரச் சொன்னதும் அவனுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நின்றான்.

"வர்ற ஏப்ரல் முப்பதோட உங்களுக்கு அம்பத்தெட்டு முடியுது. ரிட்டயர்மெண்ட் நோட்டீஸ். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"யாருக்கு அம்பத்தெட்டு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு இந்த மாசி வந்தாத்தான் சார் அம்பத்தாறு."

ஆபீசர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பழுத்துப் போன ரெக்கார்டு ஷீட்டு. ஐந்தாம் வகுப்புத் தேறியதற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. ஐம்பத்தொன்றில் மில்லில் சேரும்போது அவனே கொண்டுவந்து கொடுத்ததுதான். குண்டு குண்டான எழுத்து. பிறந்த தேதி 1-5-1923.

விருமாண்டி பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போடுவான். ரேஷன் கடையில் தராசு முள்ளைக் குனிந்து பார்ப்பான். சொந்த மச்சான் வந்து மழை பெய்கிறது என்றாலும் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். அப்பேர்ப்பட்டவன் இந்த ஒரு காகிதத்தை மட்டும் முப்பது வருஷமாகப் படித்துப் பார்த்ததில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அதை எழுதியது சௌரிராஜன் வாத்தியார். அவர் எழுதியதைச் சரி பார்ப்பதென்றால் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறான் என்று போய்ப் பார்க்கிற மாதிரி.

"இது தப்பு சார்."

"தப்புன்னா ஆதாரம் கொண்டு வாங்க. பிப்ரவரி கடைசி வரைக்கும் டைம் தர்றேன்."

அவன் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தான்.

இருபத்தோரு மாசம். மற்றவனுக்கு அது பெரிய விஷயமில்லை. விருமாண்டிக்கு அதில்தான் மகளின் படிப்பு இருந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரே பெண் முத்துத்தாய். மதுரையில் வாத்தியார் டிரெய்னிங் சேர்ந்து முதல் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் சித்திரையில்தான் முடியும். அவர்கள் இருந்தது மில் லைன் வீடு. வேலை போன அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு இருக்க இடம் என்றால் சோழவந்தானுக்கு மேற்கே சொந்த ஊர்தான். அங்கே அவனோடு பேச ஒரு நாய் கிடையாது.

பேச ஆள் இல்லாமல் போனதற்கும் அந்த வாத்தியார்தான் காரணம்.

சௌரிராஜன் அந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயசு. மதுரையில் பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் அவர்களுக்கு வேறு பாஷை. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் ஆம்பளைகள் எல்லாம் கைரேகை வைத்துவிட்டு, பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டிய சட்டம் இருந்தது. அந்த ஊருக்கு வாத்தியார் வேலைக்கு வர எவனும் துணியாதபோது வந்தவர் அவர். ஒத்த வாத்தியார் பள்ளிக்கூடம். அடிக்கவென்று புளியம் விளாரை ஊறப்போட்டு வைத்திருப்பார்.

அவருடைய சட்டம் ரெண்டே ரெண்டு. பொய் சொன்னால் வாயில் ஒரு அடி. பொய் எழுதினால் கையில் பத்து அடி. எழுதினதுக்கு மட்டும் ஏன் சார் கூட அடி என்று ஒருத்தன் கேட்டதற்கு அவர் சொன்னது விருமாண்டிக்குக் கடைசி வரை மறக்கவில்லை.

"சொன்ன பொய் காத்தோட போயிடும்டா. எழுதின பொய் உட்கார்ந்துக்கிட்டே இருக்கும். என்னைக்காவது ஒருத்தனைத் தின்னும். உங்க ஊர்க்காரன் சொன்னா கச்சேரியில எவனும் நம்ப மாட்டேங்கறான். நம்பும்படியா நீங்க இருந்து காட்டுங்கடா. ஒரு தலைமுறை போதும்."

அவன் அதை நம்பினான். அதுதான் அவன் செய்த கோளாறு. மற்ற பயல்கள் எல்லாம் அடி ஆறினதும் மறந்துவிட்டார்கள்.

ஐம்பதாம் வருஷம் வாய்க்கால் மடைத் தகராறில் அவன் அண்ணன் பேயாண்டி, பக்கத்து வயல் நல்லகாமனை மண்வெட்டியால் போட்டான். நல்லகாமன் பிழைத்தாலும் கை விளங்காமல் போயிற்று. பார்த்தது விருமாண்டி ஒருவன்தான். "நீ அன்னிக்கு மதுரையில இருந்தேன்னு சொல்லு, போதும்" என்று ஊரே சொல்லிக் கொடுத்து அனுப்பியது. கோர்ட்டில் ஏறி நின்றவன் பார்த்ததைச் சொல்லிவிட்டான். அண்ணனுக்கு நாலு வருஷம். அண்ணன் பெண்டாட்டி சீனியம்மாள் தெருமண்ணை அள்ளி அவன் மூஞ்சியில் எறிந்தாள். ஆத்தா செத்ததற்குக்கூடத் தகவல் சொல்லவில்லை. அவன் மதுரைக்கு வந்து மில்லில் சேர்ந்தான்.

அதற்கு ஒருநாளும் அவன் வருத்தப்பட்டதில்லை. வாத்தியாரய்யாவுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொள்வான். அதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

சோழவந்தானுக்குப் போய், பழைய பிறப்புப் பதிவேட்டில் நகல் எடுத்தான். 1925 மாசி, தகப்பன் காளை, ஆண் குழந்தை என்று இருந்தது. பேர் இல்லை. அந்தக் காலத்தில் பேர் வைக்குமுன்னே மணியக்காரர் எழுதிவிடுவார். இருபத்து மூன்றாம் வருஷத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது.

நாகசுப்பிரமணியன் நகலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது உங்க தம்பியா இருக்கலாமே?"

"எனக்குத் தம்பியே கிடையாது சார்."

"அதை நான் எப்படி எழுதறது? இந்த ரெக்கார்டு ஷீட்டு எழுதின வாத்தியார் இருக்காரா?"

"இருக்காரு. எழுபத்தஞ்சு வயசு."

"அப்ப வேலை சுலபம். 'வயசு தவறா பதிவாயிருச்சு'ன்னு அவர்கிட்ட ஒரே ஒரு வரி வாங்கிட்டு வாங்க. நான் மாத்திடறேன்."

விருமாண்டிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வெளியே காத்திருந்த ஷிஃப்டுக் கூட்டாளி சோணையிடம், "முடிஞ்சிருச்சுடா, வாத்தியாரய்யா இருக்காருல்ல" என்றான்.

"அண்ணே, நீ யாரையும் நம்ப மாட்டியே!"

"அவரு யாருலயும் சேத்தி இல்லடா."

மறுநாள் மத்தியானம் வாத்தியார் வீடு இருந்த பந்தடித் தெருவுக்குப் போனான். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வாத்தியார் முன்கூடத்தில் நாற்காலி போட்டு, சிவப்புப் பென்சிலால் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேல் பொத்தானைப் போடு."

விருமாண்டி போட்டுக்கொண்டான். ஐம்பத்தாறு வயசில் அது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

வாத்தியார் பெண்டாட்டி சுந்தரவல்லி காபி கொண்டுவந்து வைத்தாள். மேஜைமேல் கிடந்தது அவருடைய பவளவிழா மலரின் அச்சுத்தாள். பழைய மாணவர்கள் சேர்ந்து அடுத்த மாசம் எடுக்கிற விழா. முதல் பக்கத்திலேயே 'பொய்யை எழுத அறியாத கை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் ஒரு ஒற்று விட்டுப்போனதை அவர் சுழித்திருந்தார்.

விருமாண்டி விஷயத்தைச் சொன்னான். "எவனோ குமாஸ்தா மாத்தி எழுதிப்பிட்டான் போலய்யா."

"குமாஸ்தா ஏதுடா? ஒத்த வாத்தியார் பள்ளிக்கூடம். என் கைதான்."

"அப்ப நெனப்புத் தப்பா எழுதிப்பிட்டீகளா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "தப்பா எழுதலை. தெரிஞ்சுதான் எழுதினேன்."

தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. காது சரியாகக் கேட்கவில்லையோ என்று விருமாண்டி கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

"பள்ளிக்கூடம்னா இருபது தலை வேணும்னு உத்தரவு. இன்ஸ்பெக்டர் மறுநாள் வர்றான். பத்தொன்பதுதான் இருந்துச்சு. குறைஞ்சா மூடிட்டுப் போயிடுவான். உங்க அம்மா உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு, உங்க அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்தா. இறக்கி விடச் சொன்னேன். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னேன். எட்டலை. தலையைக் கொஞ்சம் சாய்ச்சு விட்டேன். தொட்டுட்டே. மூணு வயசை அஞ்சுன்னு எழுதினேன்."

ஆத்தா இதை எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். 'வாத்தியாரு தலையச் சாய்ச்சுவிட்டாருடா' என்பாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் என்னத்தைக் கண்டாள் என்று அவன் அவளை அதட்டியிருக்கிறான்.

"நீ இருபதாவது தலை. அந்தப் பொய் இல்லேன்னா உங்க ஊருக்குப் பள்ளிக்கூடமே இல்லை. ஞாபகம் வெச்சுக்கோ."

விருமாண்டி அதை ஒத்துக்கொண்டான். நியாயம்தான். அந்த இடத்தில் அவனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான். மனசுக்குள் எதுவோ சரிந்ததை அவசரமாகத் தூக்கி நிறுத்தினான்.

"சரிங்கய்யா. செஞ்சது நல்லதுக்குத்தான். இப்ப அதையே ஒரு வரியா எழுதிக் குடுங்க. இந்த வயசு நெசமில்லன்னு. மில்லுல ஒத்துக்கிருவாக."

"எழுத மாட்டேன்."

"ஏங்கய்யா?"

"என்னன்னு எழுதறது? நான் பதிவேட்டில பொய் எழுதினேன்னு என் கையாலயே எழுதறதா? நீ அதைக் கொண்டுபோய் மில்லுல குடுப்பே. அவன் ஃபைல்ல வைப்பான். நான் முப்பத்தேழு வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன்டா."

"எம் மக வாத்தியாருக்குப் படிக்கிதுய்யா. ஒங்களைச் சொல்லிச் சொல்லித்தான் சேத்து விட்டேன். வீடு போச்சுன்னா படிப்புப் போயிரும்."

"பெண்ணைப் படிக்க வெச்சது நல்ல காரியம்." வகுப்பில் சரியாகச் சொன்ன பையனைத் தட்டிக்கொடுக்கிற அதே குரல். "ஆனா இதைக் கேட்காதே. உனக்குப் போறது ரெண்டு வருஷம். எனக்கு இத்தனை வருஷப் பேரு."

"நான் எங்க அண்ணனைக் காட்டிக் குடுத்தேன்யா. கோர்ட்டுல ஏறி. ஒங்க சொல்லுக்காக. அன்னிலேர்ந்து எனக்கு ஊரு கிடையாது."

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று முப்பது வருஷமாக அவன் நினைத்திருந்தான். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, சங்கடமும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது, கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

"கூடப் பிறந்தவன் விஷயத்துல கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

சுந்தரவல்லி உள்ளேயிருந்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். கெஞ்சுகிற குரல். அவர் சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் அடங்கிவிட்டாள்.

அவன் எழுந்தான். வாசல்வரை போனவனை அவரே கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "டேய், ஒண்ணு செய். ஒரு ஜாதகம் எழுதி வாங்கிக்கோ. பழசு மாதிரி எழுதித் தர்ற ஆள் இருக்கான். மில்லுக்காரன் அதுவே போதும்பான். தேதி நிஜம்தானே, தோஷமில்லை."

விருமாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் நின்று மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அது அறுந்து சாக்கடையில் விழுந்தது. அடி வாங்கின கை அவனுடையது. அதே வகுப்பில் அதே மேஜையில் பொய் எழுதின கை அவருடையது. பதிவேட்டை மூடிவைத்துவிட்டுத்தான் அவர் விளாரை எடுத்திருக்கிறார்.

போலீஸ்காரன் ஏமாற்றியிருக்கிறான், மில்லுக்காரன் ஏமாற்றியிருக்கிறான், ஓட்டுக் கேட்டு வந்தவன் ஏமாற்றியிருக்கிறான். அதெல்லாம் அவனுக்கு எதிர்பார்த்த விஷயம். அதில் சேராதவன் ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்திருந்தான்.

சோணைதான் அவனை அழகர்கோவில் ரோட்டில் இருந்த ஜோசியரிடம் கூட்டிப்போனான். ஜோசியர் நட்சத்திரம் கேட்கவில்லை, லக்கினம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"எம்புட்டு வருஷத்துக் கிழடா வேணும்?"

"அம்பத்தாறு" என்றான் சோணை.

"ஓரத்தைப் பூச்சி அரிச்சாப்ல வச்சிருவமா?"

"வைங்க, வைங்க. நல்லா அரிக்கட்டும்."

பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கட்டம் போட்டு எழுதி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, விளக்குப் புகையில் காட்டி, நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். ஒரு நாழிகையில் அது ஐம்பத்தாறு வயசுக் காகிதமாகிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விருமாண்டி அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தேதி நிஜம்தானே, தேதி நிஜம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது வாத்தியார் சொன்ன வார்த்தை என்பது ஞாபகம் வந்ததும் சொல்வதை நிறுத்தினான்.

அடுத்த புதன்கிழமை நாகசுப்பிரமணியன் ஜாதகத்தை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார். அவர் ஒன்றும் குழந்தை இல்லை. எத்தனையோ ஜாதகம் பார்த்தவர். ஆனாலும் பேனாவைத் திறந்துகொண்டார். முப்பது வருஷ ஆள், ஒரு மெமோ வாங்காதவன், போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

"சரி மேஸ்திரி. ஒரு கேள்விதான். இது நீங்க பிறந்தப்ப எழுதினதுதானே? ஆமான்னு சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்ற சோணை 'ஆமாம், ஆமாம்' என்று தலையை ஆட்டிக்காட்டினான்.

சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. விருமாண்டி அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தான். வாயைத் திறந்தான். அந்தக் காலத்தில் விளார் பட்ட உதடு எரிந்தது. அந்த வாத்தியார்மேல் அவனுக்கு இப்போது மரியாதை இல்லை, பயமும் இல்லை. அவர் எழுதின பொய்யைத் திருத்தத்தான் அவன் இங்கே நிற்கிறான். அது எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை.

"போன வெள்ளிக்கிழமை எழுதுனது சார்."

நாகசுப்பிரமணியன் பேனாவை மூடவில்லை. "என் காதுல சரியா விழலை. யோசிச்சு இன்னொரு தடவை சொல்லுங்க."

"யோசிச்சாலும் போன வெள்ளிக்கிழமைதான் சார்."

ஆபீசர் பெருமூச்சு விட்டு ஜாதகத்தை மடித்து அவன் பக்கம் தள்ளினார். நோட்டீசை எடுத்துவைத்தார். விருமாண்டி அதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே சோணை தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, ஒனக்குக் கிறுக்கா? அந்தாளே பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டுக் கெஞ்சுறான். ஆமான்னு ஒரு சொல்லு. ஒன் ஆயுசுல ஒரு சொல்லு!"

"வரலடா."

"வரலன்னா?"

"வரல. உள்ள கிடக்கு, வெளிய வரல. அந்த வாத்தியாரு பொய்யத் தங்கிட்ட வச்சுக்கிட்டு, அடிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

சாயங்காலம் முத்துத்தாய் டிரெய்னிங் வகுப்பு விட்டு வந்தாள். நடந்ததை அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மறைக்கத்தான் அவனுக்கு வராதே. அவள் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பாவுக்கு அன்னிக்கி. எனக்கு இன்னிக்கி" என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"அவுக வீட்டுக்கு ஒட்டுச் செவுத்து வீட்டுல போயி இருக்கணும். பெரியம்மா வெளக்குமாத்தோட வாசல்ல நிப்பாக. அங்கேருந்து நான் காலையில மொத பஸ்ஸப் பிடிச்சு வந்து, படிச்சிட்டு, இருட்டுறதுக்குள்ள போகணும். ஒரு வருஷம்."

"போவியா?"

"போகாம? நீங்க விட்டாலும் நான் விடமாட்டேன்." அவள் குரல் உடைந்தது. பையை வீசியெறிந்தாள். உள்ளேயிருந்த சாக்பீஸ் டப்பா உருண்டு அடுப்படிவரை போயிற்று. "ஆனா ஒண்ணு சொல்லுங்கப்பா. நாளைக்கி நான் வகுப்புல நின்னு அதுகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கட்டும்? பொய் சொல்லக்கூடாதுன்னா? சொன்னா அதுல எதுனாச்சும் ஒண்ணு ஒங்கள மாதிரி நம்பித் தொலைக்குமே. அப்ப நான் என்ன செய்ய?"

விருமாண்டி அடுப்படிக்குப் போய்ச் சாக்பீஸ் டப்பாவை எடுத்து வந்தான். பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடு என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லலாம் என்று சொல்லிக் கொடு என்றும் சொல்ல முடியவில்லை.

"கணக்குச் சொல்லிக் குடு" என்றான். "எழுத்துச் சொல்லிக் குடு. அதோட நிறுத்திக்க."